சில்லு உருளமுன்: உதவிக் கருவிகளோடு காரைக் களைப்பில்லாமல், பாதுகாப்பாக ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

யப்பானில் பாவித்து இங்கே இறக்கிய அக்குவா, பிட், வாகன்ஆர், வெசல் போன்ற கார்கள் யாழ்ப்பாணத்தில் இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை நிற்கின்றன. அவற்றுக்குள் உதவிக் கருவிகளுக்குக் குறைவில்லை. தானாகப் பிரேக் பிடிப்பது, கோடு தாண்டினால் கத்துவது, பின்னால் பார்க்கும் கமரா என்று எல்லாம் இருக்கின்றன. அது போதாதென்று நாங்களும் டாஷ் கமரா, போன் தாங்கி, ரயர்க் காற்றைக் காட்டும் கருவி என்று வாங்கிப் பூட்டுகிறோம்.

புதிதாக ஓட்டுபவர்களுக்குப் பக்கத்துச் சீற்றில் இருந்து வந்த எனக்கு, எல்லோரிடமும் ஒரே பிழைதான் கண்ணில் பட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கருவியைப் பழகப் பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரி வீதியில் ஓட்டோவுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, எந்தப் பொத்தானை அமத்தினால் இந்தச் சத்தம் நிற்கும் என்று தேடுகிறார்கள். கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி, வீட்டு முற்றத்தில் கார் நிற்கும்போதே முடிக்க வேண்டியது. வரிசையை மாற்றாதீர்கள். சீற்றைச் சரிசெய்யாமல் கண்ணாடியைத் திருப்பினால், பிறகு கண்ணாடியை இன்னொரு தடவை திருப்ப வேண்டி வரும்.

1. தொடங்கமுன் எடுத்து வையுங்கள்

ஒரு காலைப்பொழுது வேண்டும். வெயில் ஏறமுன் தொடங்குங்கள். கார் இரவு முழுவதும் ஓடாமல் நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் ரயர்க் காற்றை ரயர் ஆறியிருக்கும்போதுதான் சரியாக அளக்கலாம்.

அளவுநாடா, கையால் அளக்கும் காற்று மானி, நூல் விடாத மென்துணி, ஒரு வாளி, ஒரு செங்கல், கலர் ரேப், இணைய வசதி உள்ள போன், வாகனப் பதிவுப் புத்தகம். உதவிக்கு ஒருவர். அவ்வளவுதான்.

2. முதலில் உடம்பு

வழக்கமாகப் போடும் செருப்பு அல்லது சப்பாத்தோடு ஏறுங்கள். பிரேக்கை அடிவரை அமத்துங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். கால் முழுவதும் நீண்டுவிட்டால் அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதிக்க முடியாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் முறை) உள்ள கார் திடீர் பிரேக்கில் நன்றாக வேலை செய்ய, பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அமத்தாக அமத்திப் பிடிக்க வேண்டும். கால் எட்டாவிட்டால் அது நடக்காது.

அடுத்தது முதுகுச் சாய்வு. தோளைச் சீற்றிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்ரியறிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். இப்போது அளவுநாடாவை எடுத்து ஸ்ரியறிங்கின் நடுவிலிருந்து நெஞ்செலும்பு வரை அளந்து பாருங்கள். 25 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஏர்பேக் கண் இமைக்கிற நேரத்துக்குள் வெடித்து விரிகிறது. அதற்கு மிகக் கிட்ட இருப்பவரை அதுவே காயப்படுத்திவிடும்.

என் சின்னம்மா உயரம் குறைந்தவர். பொனற்றின் நுனி தெரியவேண்டும் என்று ஸ்ரியறிங்கில் முட்டுகிற அளவுக்குச் சீற்றை இழுத்துவிட்டுத்தான் ஓட்டுவார். சீற்றின் பக்கத்தில் உள்ள நெம்புகோலைப் பலமுறை மேலே இழுத்தால் சீற் உயரும் என்பது அவருக்குத் தெரியாது. உயர்த்திவிட்டுப் பின்னால் தள்ளினோம். வீதியும் தெரிந்தது, 27 சென்ரிமீற்றர் இடைவெளியும் கிடைத்தது. பல வருடத் தோள்பட்டை நோ அந்தக் கிழமையே குறைந்தது என்று சொன்னார்.

தலைச்சாய்வின் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வரட்டும். பின்னால் இடிபட்டால் கழுத்து பின்னோக்கி முறியாமல் தாங்குவது அதுதான். சீற் பெல்ற் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. கர்ப்பிணிகள் வயிற்றுக்குக் கீழே விட்டுப் போடுங்கள்.

குழந்தையை முன் சீற்றில் மடியில் வைத்துக்கொண்டு போவதை இன்னும் பார்க்கிறேன். 50 கிலோமீற்றர் வேகத்தில் இடித்தால் எந்தத் தாயின் கையாலும் அந்தப் பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. பின் சீற்றின் இருக்கையும் சாய்வும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். ஐசோபிக்ஸ் குழந்தை இருக்கையைப் பூட்டுவதற்கென்றே வைத்தவை அவை.

3. கண்ணாடிகளும் முன்கண்ணாடியும்

பக்கக் கண்ணாடிகளில் உங்கள் கார் மிகக் குறைவாகவே தெரியவேண்டும். பலர் சொந்தக் கதவையே பாதிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். வெளியே திருப்பத் திருப்பத்தான் பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியத் தொடங்கும். உதவிக்கு வந்தவரைச் சைக்கிளில் காரின் பின்னாலிருந்து மெல்ல முன்னால் வரச் சொல்லுங்கள். நடுக் கண்ணாடியிலிருந்து மறையும்போது பக்கக் கண்ணாடியில் தெரிந்து, அதிலிருந்து மறையும்போது உங்கள் ஓரக்கண்ணில் பட வேண்டும். எந்த இடத்தில் மறைகிறார் என்று பார்த்து வையுங்கள். வலப்பக்கம் திரும்பமுன் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டிய இடம் அது.

முன்கண்ணாடியின் மேல்பகுதியில், நடுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டி ஒன்று இருந்தால் அதற்குள் இருப்பதுதான் காரின் கண். அதன் முன்னால் எதுவும் வரக்கூடாது. வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதி அட்டையையும் இடப்பக்கக் கீழ் மூலையில் ஒட்டுங்கள். பூமாலையோ ருத்திராட்சமோ தொங்கினால் அது ஆடும் ஒவ்வொரு முறையும் கமரா குழம்பும். டாஷ்போட்டில் பிள்ளையாரோ மாதாவோ வைப்பவர்கள் இடப்பக்க ஏர்பேக் மூடிக்கு மேல் வைக்காதீர்கள். அது வெடித்தால் சிலை பக்கத்தில் இருப்பவரின் முகத்துக்குத்தான் வரும். ஏர்பேக் இல்லாத நடுப்பகுதியில், உயரம் குறைந்ததாக வையுங்கள்.

பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வருபவர்களுக்கு ஒன்று. கடற்காற்றில் முன்கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் படியும். பகலில் தெரியாது. இரவில் எதிர் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுவதும் பால்போல் மங்கும். வைப்பரைப் போடமுன் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி கீறுப்படும்.

4. ரயர்: 220 என்றால் என்ன?

சாரதிக் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு சிறிய அட்டை ஒட்டியிருக்கும். எழுத்து யப்பான் மொழி, இலக்கம் எல்லோருக்கும் ஒன்று. 220 அல்லது 230 என்று இருப்பது கிலோபாஸ்கல் கணக்கு. பெற்றோல் செற்றில் கேட்பது பிஎஸ்ஐ கணக்கு. 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 230 என்றால் 33, 250 என்றால் 36. ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் காற்று அளவைப் பார்த்துக் காற்றடிக்கச் சொல்லாதீர்கள். அது ரயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு இல்லை.

வெளியே பூட்டும் காற்றுக் கருவி வாங்கினால், நான்கு வால்வுகளிலும் மூடிக்குப் பதிலாக ஒரு சிறிய உணரி வரும், அளவு டாஷ்போட்டில் தெரியும். பூட்டியபின் ஒவ்வொரு வால்விலும் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கருவியே காற்றைக் களவெடுக்கிறது என்று அர்த்தம். பிறகு கையால் அளக்கும் மானியோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். உரிய காற்று 32 என்றால் எச்சரிக்கை எல்லையை 28இல் வையுங்கள். 31இல் வைத்த ஒருவர், அது ஓயாமல் கத்துகிறது என்று மூன்றாம் நாள் கழற்றி எறிந்துவிட்டார்.

ஓடி ரயர் சூடானால் காற்று மூன்று நான்கு பிஎஸ்ஐ ஏறும். அதைக் கண்டு வழியில் காற்றைத் திறந்து விடாதீர்கள். ஆறியதும் குறைந்துபோகும்.

5. ஏர்பேக்கின் கணக்கை ஒருமுறை பாருங்கள்

தகாட்டா நிறுவனம் செய்த பழைய ஏர்பேக்குகள் உலகம் முழுவதும் திருப்பி அழைக்கப்பட்டன. வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறவிட்டு உயிரிழப்பை ஏற்படுத்தியவை அவை. நீண்டகால வெப்பமும் ஈரப்பதனும் உள்ளே உள்ள வெடிமருந்தைக் கெடுப்பதுதான் காரணம். எங்கள் காலநிலையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கத்தை எடுத்து, வாகன நிறுவனத்தின் யப்பான் திருப்பியழைப்புப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், அல்லது இலங்கை முகவரிடம் கொடுத்துக் கேளுங்கள். பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் இதை வேறு எந்தக் கருவியும் வாங்கமுன் செய்ய வேண்டும்.

6. யப்பான் மொழித் திரை

காரை ஸ்ராட் செய்ததும் ஒரு பெண்குரல் பணிவாக ஏதோ சொல்லும். அது நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடவில்லை என்ற அறிவிப்பு. இங்கே அது தேவையே இல்லை. அட்டை வாசிக்கும் சின்னப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும். ரேடியோவில் சில நிலையங்கள் மட்டும் பிடிப்பதும் பழுது இல்லை. யப்பானில் எப்எம் 76 முதல் 95 வரை, இங்கே 88 முதல் 108 வரை. அலைவரிசை மாற்றி ஒன்று பூட்டினால் சரி. காருக்குள் இருக்கும் வரைபடமும் யப்பானுக்கு மட்டும் உரியது, அதோடு மினக்கெட வேண்டாம்.

மிச்சத் திரைகளுக்குப் போனில் கூகுள் லென்ஸைத் திறந்து திரைக்கு நேரே பிடியுங்கள். எழுத்துகள் தமிழிலோ ஆங்கிலத்திலோ மாறித் தெரியும். மொழிபெயர்ப்பு சிலவேளை கரடுமுரடாக இருக்கும், விளங்கப் போதும். ஒவ்வொரு பொத்தானுக்கும் கலர் ரேப்பில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எச்சரிக்கை விளக்குகளின் படங்களையும் அவற்றின் பொருளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு உதவியாளரைக் கேள்வி கேட்கச் சொல்லி, பார்க்காமல் கைவைத்துக் காட்டுங்கள்: பனி நீக்கும் பொத்தான் எது, நான்கு சிக்னலும் சேர்ந்து அடிப்பது எது? இருட்டிலும் கை தேடாமல் போக வேண்டும்.

7. போன்

தாங்கியை வீதியை மறைக்காத உயரத்தில், ஸ்ரியறிங்குக்கு இடப்பக்கம் பூட்டுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வகை எங்கள் வெயிலில் இளகி விழும், போனும் சூடாகி சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். ஏசி காற்று வரும் வாயில் கொழுவும் வகை இங்கே நல்லது, காற்றே போனைக் குளிர வைக்கும்.

கூகுள் வரைபடத்தில் மொழியைத் தமிழாக்கி, வழிகாட்டும் குரலையும் தமிழில் வையுங்கள். காது கேட்டால் கண் வீதியிலேயே நிற்கும். வட மாகாணம் முழுவதையும் வீட்டு வைபையில் தரவிறக்குங்கள். வன்னியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

வரைபடம் ஒழுங்கைகளைக் குறுக்குவழி என்று காட்டும். வேலிக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு கார் மட்டும் போகும் ஒழுங்கைக்குள் எதிரே உழவு இயந்திரம் வந்தால் முழுத் தூரமும் ரிவேர்ஸ்தான். புறப்படமுன் பாதையை ஒருமுறை இழுத்துப் பார்த்து, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, கண்டி வீதி போன்ற பெருவீதிகளால் போகும் பாதையைத் தெரிவு செய்யுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மறிக்கப்படும், போன் அதை அறியாமலே உள்ளே அனுப்பலாம்.

புளூடூத்தை இணைத்தபின் வாகனம் ஓட்டும்போது தொந்தரவு செய்யாத நிலையையும் போடுங்கள். கையில் போனைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது இங்கே சட்டப்படி குற்றம். கையில் பிடிக்காமல் பேசினாலும் கவனம் வீதியில் முழுதாக இருக்காது. கனடாவில் விடியும் நேரம் எங்களுக்குப் பின்னேரம், வீதியில் சனம் கூடும் நேரமும் அதுதான். அக்கா எடுத்தால் வீட்டுக்குப் போய் எடுக்கலாம். உறவுகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கோபிக்கமாட்டார்கள்.

பூட்டிய திரையிலேயே தெரியும்படி அவசரத் தொடர்பு இலக்கத்தையும் இரத்த வகையையும் பதியுங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.

8. டாஷ் கமரா

வாங்கும்போது உள்ளே பற்றரிக்குப் பதிலாகச் சுப்பர் கப்பாசிற்றர் (சூட்டைத் தாங்கி மின்சாரத்தைச் சேமிக்கும் பாகம்) உள்ளதைக் கேளுங்கள். வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் லித்தியம் பற்றரி ஊதிப்போகும். நினைவட்டையும் ஓயாமல் எழுதி அழிப்பதைத் தாங்கும் வகையாக இருக்கட்டும். சாதாரண அட்டை சில மாதத்தில் சத்தமில்லாமல் பழுதாகும், விபத்து நடந்தபின்தான் ஒன்றும் பதியவில்லை என்று தெரியவரும்.

நடுக் கண்ணாடிக்குப் பின்னால், காரின் சொந்தக் கமராவுக்கு எட்டவாக ஒட்டுங்கள். வயரை மேல்விளிம்புக்குள் செருகி, தூண் வழியாகக் கீழே இறக்கும்போது தூணுக்குள், பக்கத்தில் திரைபோல விரியும் ஏர்பேக் இருந்தால் அதன் முன்னால் கொண்டுபோகக்கூடாது, பின்னால் விடச் சொல்லுங்கள்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். ஒரு கராஜில் என் கமராவை எப்போதும் மின்சாரம் வரும் பியூசில் கொழுவிவிட்டார்கள். இரண்டு நாள் கார் நின்றது. மூன்றாம் நாள் காலை கொடிகாமத்தில் ஒரு செத்தவீட்டு வாசலில் பொத்தானை அமத்தினேன், டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஹைபிரிட் (எஞ்சினோடு மின்மோட்டரும் சேர்ந்து ஓட்டும்) காரின் 12 வோல்ற் பற்றரி சிறியது, இரவும் பகலும் கமராவுக்குத் தீனி போட அதனால் முடியாது. திறப்புப் போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பியூசில் கொழுவுங்கள். நிற்கும்போதும் பதிய வேண்டும் என்றால் 12 வோல்ற்றுக்குக் கீழே போகமுன் துண்டிக்கும் கருவி சேர்த்துப் பூட்டுங்கள்.

மாதம் ஒருமுறை அட்டையைக் கழற்றி ஒரு காட்சியைப் போட்டுப் பாருங்கள். திகதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். நேரம் பிழையான காட்சி காப்புறுதிக்கோ பொலிசுக்கோ கொடுக்கும்போது வீண் கேள்விகளைக் கொண்டுவரும்.

9. பின் கமரா: வாளிச் சோதனை

திரையில் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோடுகள் தெரியும். அவை எத்தனை அடி என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். வாளியைக் காருக்குப் பின்னால் வைத்து, சிவப்புக் கோடு வாளியின் அடியைத் தொடும்வரை பின்னால் போய் நிறுத்துங்கள். இறங்கி அளவுநாடாவால் அளந்து, அந்த அளவை மனதில் பதியுங்கள்.

இப்போது வாளியை எடுத்துவிட்டுச் செங்கலைப் படுக்க வையுங்கள். பின்னால் உள்ள தடையை ஒலியால் அறியும் சென்சர் கத்தாமல் விடலாம். தாழ்ந்த கல்லும் திறந்த வாய்க்காலும் அதற்குத் தெரியாது. மெல்லிய கம்பியும் கிடுகு வேலியும் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பாதவை. எங்கள் வளவுகளில் படலைத் தூண், கிணற்றுக் கட்டு, விளையாடும் பிள்ளை எல்லாம் பின்னால்தான் இருக்கும். ஆகவே ஏறமுன் காரை ஒருமுறை சுற்றி நடவுங்கள். கமராக் கண்ணாடியை மென்துணியால் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

10. தானியங்கி உதவிகளை ஒவ்வொன்றாகப் பழகுங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டால் எந்தச் சத்தம் எதற்கு என்று பிரிக்க முடியாது. ஒரு கிழமைக்கு ஒன்று. சனமில்லாத காலையில், தெரிந்த வீதியில்.

மோதல் எச்சரிக்கையும் தானியங்கிப் பிரேக்கும் எப்போதும் போட்டபடியே இருக்கட்டும். ஆனால் அவை முன்னால் அதே திசையில் போகும் வாகனத்துக்காகவே முதன்மையாகச் செய்யப்பட்டவை. இருட்டில் படுத்திருக்கும் மாட்டையோ, முந்திக்கொண்டு உங்கள் பக்கத்துக்கு வரும் பஸ்ஸையோ அது பிடிக்கும் என்று நம்பாதீர்கள். எதிர்வெயிலும் கன மழையும் அதன் கண்ணை மறைக்கும்.

கோடு விலகல் எச்சரிக்கை கோடு இருந்தால்தான் வேலை செய்யும். சைக்கிளில் போகிறவரை விலத்த வலப்பக்கம் எடுக்கும்போது ஸ்ரியறிங் திரும்பி இழுப்பதுபோல இருக்கிறது என்று பலர் பயந்து அதை நிறுத்திவிடுகிறார்கள். முதலில் சிக்னலைப் போடுங்கள். சிக்னல் போட்டால் நீங்கள் வேண்டுமென்றே விலகுவதாகக் கார் எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். பின்னால் வருபவருக்கும் அது தேவை.

வைத்த வேகத்தில் காரைத் தானாக ஓட வைக்கும் தானியங்கி வேகக் கட்டுப்பாட்டை மழையிலும் ஊர்மனைக்குள்ளும் பாவிக்காதீர்கள். ஈர வீதியில் சில்லு வழுக்கத் தொடங்கினால், வேகத்தைக் காக்க அது மேலும் எரிபொருள் கொடுக்கலாம்.

புகையிரதம் வருவதை இவற்றில் எதுவும் சொல்லாது. காப்பாளர் இல்லாத கடவையில் ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காரையும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்த பின்னரே ஏறுங்கள்.

11. ஏசி

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏசியை உச்சத்தில் போடுவதால் பயனில்லை. நான்கு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிடம் ஓடுங்கள், சூட்டுக் காற்று வெளியேறட்டும். பிறகு மூடி, உட்காற்றுச் சுழற்சியில் குளிர விடுங்கள். குளிர்ந்ததும் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். நாலைந்து பேர் நீண்டநேரம் ஒரே காற்றை மூச்சுவிட்டால் தலை பாரமாகி நித்திரை வரும்.

ஹைபிரிட் காரில் பின் சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பெரிய பற்றரி அதன் வழியாகத்தான் குளிர்கிறது. பையையோ தலையணையையோ அதன் மேல் சாத்தாதீர்கள். செம்மண் தூசி அடைக்கும் அதன் வடியையும் சேர்விஸின்போது துப்புரவாக்கச் சொல்லுங்கள்.

12. ஏ9இல் நெடும் பயணம்

ஏ9 என்ற கண்டி வீதியால் கொழும்புக்குப் போக இரவைத் தெரிவு செய்பவர்கள் கனபேர். முடிந்தால் அதிகாலை ஐந்துக்குப் பிறகு புறப்படுங்கள். இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பு தானாகவே நித்திரையைத் தேடும். மாடுகள் சூட்டுக்காகத் தார் வீதியில் படுப்பதும் இரவில்தான்.

ஊருக்கு வெளியே காருக்கு 70, ஊருக்குள் 50 கிலோமீற்றர்தான் எல்லை. போனின் வேக எச்சரிக்கையை அதற்கேற்ப வையுங்கள். ஆனையிறவு தாண்டி நேர்வீதி வந்ததும் வேகம் ஏறுவதே தெரியாது.

எதிரே வாகனம் இல்லாவிட்டால் தூர வெளிச்சம், வந்தால் உடனே கிட்ட வெளிச்சம். சாதாரண மின்குமிழ் பூட்டும் கிண்ணத்தில் மலிவான எல்ஈடி குமிழை மாட்டினால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும், உங்களுக்கும் தூரம் தெரியாது.

மீற்றரில் கோப்பிக் கோப்பைப் படம் வந்தால் நீங்கள் அலைகிறீர்கள் என்று கார் கண்டுவிட்டது. பாட்டைக் கூட்டியும் கண்ணாடியை இறக்கியும் சமாளிக்கப் பார்க்காதீர்கள், அதனால் சில நிமிடம்தான் தாங்கும். வெளிச்சமுள்ள, ஆட்கள் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, உடனே சீற்றைச் சாய்த்துப் போனில் 20 நிமிட அலாரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். தேயிலை வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழும்புவீர்கள்.

அலைகிறோமோ இல்லையோ, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது நான்கு ரயரையும் ஒருமுறை பாருங்கள், முன்கண்ணாடியில் அடிபட்டுக் கிடக்கும் பூச்சிகளைத் துடையுங்கள். கமராவின் முன்னால் உள்ள அந்த ஒரு சாண் இடத்தை முதலில்.